கம்ப்யூட்டருக்கு நாடி பார்க்கும் வித்தை

மதுரையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் ராஜபாட்டையில், யானைமலையைத் தாண்டி, சுமார் 30 கிலோ மீட்டர் போனால் மேலூர் வரும். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பூமி. நெல்லும் கரும்பும் வாழையும் விளைகின்ற இந்தத் தாலுகா, 2001-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முற்றிலும் வேறொரு காரணத்துக்காகக் கடல் கடந்த பல்கலைக் கழகங்களின் கவனத்தைக் கவர்ந்தது. வீட்டுக்கு ஒரு டெலிபோன் என்பதே பெருமையாக இருந்த கிராமங்களில், சின்னஞ்சிறு அறைகளில் கம்ப்யூட்டரை வைத்து, கம்பி இழுக்காமலேயே அதை இன்டர்நெட்டோடு இணைத்துக் காட்டும் முயற்சி அங்கே தொடங்கிற்று.

'சாரி' என்று அதற்குப் பெயர். கிராமப்புற இந்தியாவுக்கு நிலைத்த தொடர்பு வசதி என்பது அந்த எழுத்துக்களின் பொருள். சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகம், மாசசூசெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தின் மீடியா லேப், என்-லோக் கம்பெனி ஆகியவை அதில் கை கோத்திருந்தன. கிராமக் கூடங்கள் சிலவற்றை மதுரையைச் சேர்ந்த 'தான்' அறக்கட்டளை நடத்திற்று. மற்றவற்றைக் கடன் வாங்கியும் கைப்பணம் போட்டும் உள்ளூர் மக்களே நடத்தினார்கள்.

அந்தக் கூடங்களில் என்ன நடந்தது? பிறப்பு, இறப்புச் சான்றிதழுக்கும் முதியோர் உதவித் தொகைக்கும் மேலூர் தாலுகா ஆபீசுக்கு மனுக்கள் அனுப்பப்பட்டன. மதுரை விவசாயக் கல்லூரிக்குப் பயிர் நோயைப் பற்றிய கேள்விகள் போயின. மூதாட்டியின் கண்ணைச் சிறு காமிராவில் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினால், 'வரச் சொல்லுங்கள்' அல்லது 'வர வேண்டியதில்லை' என்று பதில் வந்தது. ஒரு நாள் கூலியும் பஸ் சத்தமும் மிச்சம். காண்பதற்கு எளிய காரியம். கிராமத்துக்கோ பெரிய காரியம்.

இத்தனையும் எப்போது? இணைப்பு இருக்கும் போது!

அது இல்லாத நாளில் என்ன செய்வது? மேஜை முன்னால் அந்த மூதாட்டி உட்கார்ந்திருக்கிறாள். படம் பிடித்தாகி விட்டது. அனுப்பும் பொத்தானைத் தட்டினால் திரையில் ஒரு மறுப்பு வாசகம் வருகிறது. அதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. கோளாறு எங்கே? கம்ப்யூட்டரிலா, சுவரில் மாட்டிய பெட்டியிலா, மேலூர்க் கோபுரத்திலா, அதற்கும் அப்பாலா? இதைச் சொல்லத் தெரிந்தவர் அந்த அறையில் இருந்தால் அரை மணியில் விடை கிடைக்கும். இல்லையென்றால் மெக்கானிக் வரும் வரையில் கூடத்துக்குப் பூட்டு.

கம்பியில்லாத கம்பி

இந்தக் கிராமங்களை இணைத்த வித்தைக்குக் 'கார்டெக்ட்' என்று பெயர். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சென்னை ஐ.ஐ.டி.யில் அவரைச் சேர்ந்த 'டெனெட்' குழுவினரும், மைடாஸ் கம்பெனியோடும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் கம்பெனியோடும் சேர்ந்து உருவாக்கியது. உயரமான கோபுரத்தில் ஒரு நிலையம். அதற்கு நேர்ப் பார்வையில், சுமார் 10 கிலோ மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு அதன் அலை எட்டும். இடையில் ஓர் அஞ்சல் நிலையத்தை நிறுத்தினால் 25 கிலோ மீட்டர் வரையில் போகும். குன்று குறுக்கே நின்றால் மட்டும் எட்டாது. அழகர் மலைச் சாரலிலிருந்து கருங்கல் பாறைகள் எழுந்து நிற்கும் இந்தச் சீமையில் நேர்ப் பார்வை கிடைப்பது எல்லா ஊருக்கும் வாய்க்காது.

கூரை மீது ஆன்டெனா, சுவரில் 'வால்செட்' என்ற பெட்டி. பெட்டிக்கு இரண்டு வாய்கள். ஒன்றில் டெலிபோன், மற்றொன்றில் கம்ப்யூட்டர். டெலிபோன் சும்மா இருந்தால் கம்ப்யூட்டருக்கு நொடிக்கு 70 கிலோபிட் வேகம் கிடைக்கும். யாராவது பேச ஆரம்பித்தால் அது 35-ஆகப் பாதியாகி விடும். 100 கிலோபைட் உள்ள கண் படம் ஒன்று போய்ச் சேரக் கணக்குப்படி 12 நொடியா, 24 நொடியா என்பதை, பக்கத்தில் ஒருவர் சிங்கப்பூருக்குப் போன மகனோடு பேசுகிறாரா என்பதே தீர்மானித்தது. இன்றைய கைப்பேசிக்காரர்கள் சிரிக்கலாம். அன்று சாதாரண டெலிபோன் கம்பியில் மோடம் வைத்தவர்களுக்கு அந்தப் பாதி வேகமே எட்டாத ஊர்கள் உண்டு.

ஆக, மூதாட்டியின் கண் படம் மதுரைக்குப் போக வேண்டுமானால், கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கேபிள், கேபிளிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து ஆன்டெனா, ஆன்டெனாவிலிருந்து மேலூர்க் கோபுரம், அங்கிருந்து வெளி உலகம் என்று ஐந்து கண்ணிகளைக் கடக்க வேண்டும். எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் வரும் மறுப்பு என்னவோ ஒன்றுதான். வயிற்று வலிக்காரன் 'வலிக்கிறது' என்று மட்டும் சொன்னால் வைத்தியர் என்ன செய்வார்? நாடி பார்ப்பார். கம்ப்யூட்டருக்கும் நாடி உண்டு.

எட்டு எழுத்து மந்திரம்

கம்ப்யூட்டர் என்ற யந்திரத்தை எழுப்பி வேலை வாங்கும் அடிப்படை ஏற்பாட்டுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். அந்த ஆண்டுகளில் நாட்டில் பரவலாக இருந்தது விண்டோஸ் 98. பெயரில் உள்ளபடி 1998-ல் வந்தது. விண்டோஸ் எக்ஸ்.பி. 2001 அக்டோபரில்தான் கடைக்கு வந்தது. கிராமத்துக்கு வர இன்னும் சில காலம் பிடித்தது.

விண்டோஸ் 98-ல் நாடி பார்ப்பது இப்படி: திரையின் இடது கோடியில் உள்ள 'ஸ்டார்ட்' பொத்தானைத் தட்டி, 'ரன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சிறு கட்டம் திறக்கும். அதில் டபிள்யூ, ஐ, என், ஐ, பி, சி, எஃப், ஜி என்ற எட்டு எழுத்துக்களை இடைவெளி விடாமல் அடித்து ஓ.கே. கொடுக்க வேண்டும். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜன்னல் வரும். அதன் மேற்பகுதியில், எந்த வழியாக வெளியே போகிறோம் என்பதைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல். டெலிபோன் முறையில் இணைபவர்கள் அதில் பி.பி.பி. அடாப்டர் என்பதை எடுக்க வேண்டும். இதை மறந்து விட்டு, பயன்படாத வேறொரு அடாப்டரைப் பார்த்துக் 'கோளாறு, கோளாறு' என்று அலறியவர்கள் உலகெங்கும் உண்டு!

பட்டியலுக்குக் கீழே நான்கு வரிகள். முதல் வரி அடாப்டரின் பிறவி எண். இரண்டாவது ஐ.பி. விலாசம். மூன்றாவது சப்நெட் மாஸ்க். நான்காவது டிஃபால்ட் கேட்வே. விவரம் இன்னும் வேண்டுமென்றால் 'மோர் இன்ஃபோ' என்ற பொத்தானைத் தட்டலாம்.

இந்த ஜன்னல் முழுவதும் ஆங்கிலம். தமிழில் கடிதம் எழுதும் மென்பொருள்கள் அன்று வந்திருந்தன. ஆனால் யூனிகோட் தமிழ் விண்டோஸில் ஏறியது விண்டோஸ் 2000 முதல்தான். அமைப்புகளைச் சொல்லும் ஜன்னலில் தமிழுக்கு இடமே இல்லை. பள்ளிக் கல்வியோடு கூடத்தை நடத்த வந்த இளைஞர்களும் இளம் பெண்களும் இந்த ஆங்கிலச் சொற்களைப் பெயர்ச் சொற்களாகவே பழகிக் கொள்ள வேண்டியிருந்தது. அதனால் மோசமில்லை. பெட்டியின் பெயர் தெரிவதை விட, அது என்ன வேலை செய்கிறது என்று தெரிவதுதான் முக்கியம்.

மங்கம்மாள் சத்திரத்தில் அறை

ஐ.பி. விலாசம் என்பது புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கூட்டிப் பெருக்கினால் உலகத்துக்கே சுமார் 429 கோடி விலாசங்கள்தான் தேறும். மனிதத் தொகையை விடக் குறைவு! இணையத்தின் மத்தியக் கருவூலத்திலிருந்து கடைசி மூட்டைகள் கண்டங்களுக்குப் பங்கிடப்பட்டது 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி.

பற்றாக்குறையைச் சமாளிக்க ஓர் உபாயம் முன்பே கண்டு பிடித்தாயிற்று. 192.168 என்று தொடங்கும் எண்களையும், 10 என்று தொடங்கும் எண்களையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவற்றையும் வீட்டுக்குள் புழங்கும் எண்களாக 1996-ல் நிரந்தரமாக ஒதுக்கி விட்டார்கள். ஊருக்கு ஊர் பெருமாள் கோவில் தெரு இருக்கிறதல்லவா? 'பெருமாள் கோவில் தெரு, 2-ஆம் நம்பர்' என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டால் போய்ச் சேராது. ஊருக்குள்ளே சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 192.168.1.2 என்பதும் அப்படியே. எத்தனையோ லட்சம் வீடுகளில் அதே எண் இருக்கிறது. ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

இந்த விலாசத்தை யார் கொடுப்பது? பெரும்பாலும் யாரும் கையால் எழுதிக் கொடுப்பதில்லை. மதுரை ரெயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ராணி மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. சத்திரத்துக்கு வரும் யாத்திரிகருக்கு மணியக்காரர் காலியாக உள்ள அறையைக் காட்டுவார்; போகும் போது திருப்பி வாங்கிக் கொள்வார். கம்ப்யூட்டர் உலகில் அந்த மணியக்காரருக்கு டி.ஹெச்.சி.பி. என்று பெயர். அறைக்குக் காலக் கெடுவும் உண்டு. கெடு எப்போது ஆரம்பித்தது, எப்போது முடியும் என்பதைக் கூட அந்த ஜன்னல் சொல்லும். 'ரிலீஸ்' பொத்தான் அறையைத் திருப்பிக் கொடுப்பது. 'ரினியூ' மறுபடி கேட்பது. டெலிபோன் முறையில் இணைபவருக்கு வேறொரு காரியஸ்தர் அறை ஒதுக்குகிறார் என்பதைத் தவிர விஷயம் ஒன்றே.

இனி, நோய்க் குறிகளைப் பார்க்கலாம்.

விலாச வரியில் நான்கும் சைபராக, 0.0.0.0 என்று இருந்தால் சத்திரத்து வாசலையே இன்னும் மிதிக்கவில்லை என்று பொருள். டயல் செய்தது நிறைவேறவில்லை. கேபிள் கழன்றிருக்கலாம், பெட்டிக்கு மின்சாரம் இல்லாமலிருக்கலாம், ஆன்டெனா காற்றில் திரும்பியிருக்கலாம். கோளாறு கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

169.254 என்று தொடங்கினால் விசேஷமான குறி. நள்ளிரவில் சத்திரத்துக்கு வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, மணியக்காரர் எழுந்து வராததால், யாத்திரிகர் திண்ணையில் தாமே ஓர் இடம் பார்த்துத் துண்டை விரித்துப் படுத்து விட்டார்! விண்டோஸ் 98 முதல் இந்தப் பழக்கம் வந்தது. பக்கத்துத் திண்ணையில் படுத்திருப்பவரோடு பேசலாம். ஊருக்கு வெளியே போக முடியாது. கம்ப்யூட்டர் நல்லபடியாக இருக்கிறது, விலாசம் கொடுக்க வேண்டிய பெட்டிதான் தூங்குகிறது அல்லது அதற்குப் போகும் கேபிள் பழுது என்பது இந்த ஒரே எண்ணால் தெரிந்து விடும். பெட்டியை அணைத்து, அரை நிமிஷம் விட்டு, மறுபடி போட்டு, 'ரினியூ' கொடுத்தால் பாதி வழக்குகள் தீர்ந்து விடும்.

விலாசம் ஒழுங்காக இருந்தும் வெளியே போக முடியவில்லையா? நான்காவது வரியைப் பார்க்க வேண்டும். கேட்வே என்றால் கோட்டை வாசல். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டை இடிபட்டு, அகழி தூர்ந்து, வெளி வீதிகள் எழுந்தன. அதற்கு முன்பு மாசி வீதி வியாபாரியின் வண்டி வைகைக் கரைக்குப் போக வேண்டுமானால் ஏதேனும் ஒரு கோட்டை வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். கம்ப்யூட்டரும் அவ்வாறே தெருவுக்குள் இருப்பவரோடு நேரே பேசும். தெருவைத் தாண்ட வேண்டுமென்றால் சரக்கை வாசலில் ஒப்படைக்கும். தெரு எது வரை, எதற்கு மேல் வெளியூர் என்று சொல்வதுதான் மூன்றாவது வரியான மாஸ்க். வாசல் எண் காலியாக இருந்தால் உள்ளூர் வேலை நடக்கும், வெளியூர் வேலை நடக்காது.

சில கம்ப்யூட்டர்களில் இந்த எண்களை யாரோ ஒரு காலத்தில் கையால் எழுதி வைத்திருப்பார்கள். கல்லூரி விடுதியில் இருந்த யந்திரம் வீட்டுக்கு வந்திருக்கும். கடையை விற்றவர் கம்ப்யூட்டரையும் சேர்த்து விற்றிருப்பார். பழைய ஊரின் கதவு எண்ணை நெற்றியில் ஒட்டிக் கொண்டு புதிய ஊரில் நிற்கும் அந்த யந்திரத்துக்கு யார் கதவு திறப்பார்கள்? அமைப்புக்குள் போய், 'விலாசத்தைத் தானாகப் பெறுக' என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. அதற்கு முன்னால் பழைய எண்களை ஒரு காகிதத்தில் குறித்துக் கொள்வது புத்திசாலித்தனம். அழித்த பிறகு அழுது பயனில்லை.

தட்டினால் திறக்கப்படும்

விண்டோஸ் எக்ஸ்.பி.யில் அந்தப் பழைய ஜன்னலை எடுத்து விட்டார்கள். அதற்குப் பதில் 'ரன்' கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்தை அடித்தால் கறுப்புத் திரை ஒன்று வரும். அங்கே ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று அடித்து, ஓர் இடைவெளியும் சாய்கோடும் விட்டு ஏ, எல், எல் என்று சேர்த்தால் எல்லா விவரமும் வரிசையாக இறங்கும். விண்டோஸ் 7-லும் அதற்குப் பிந்தியவற்றிலும் இதுவே. லினக்ஸ் யந்திரங்களில் இரண்டாவது எழுத்து 'பி' போய் 'எஃப்' வரும். மூன்று மந்திரங்களுக்கும் எட்டு எட்டு எழுத்துக்கள் அமைந்தது தற்செயல்தான். ஆனால் எட்டெழுத்து மந்திரத்துக்குப் பழகிப் போன நாட்டில் இது மனத்தில் நிற்கும்!

கறுப்புத் திரை வந்த பின் செய்யக் கூடிய இன்னொரு சோதனை உண்டு. 'பிங்' என்று அதற்குப் பெயர். மைக் மூஸ் என்ற அமெரிக்கர், ராணுவ ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் பணியாற்றிய போது, 1983 டிசம்பரில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பார்களே, அந்தச் சத்தத்தின் பெயரையே இதற்கு வைத்தார். பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு ஒரு விலாசத்தைக் கொடுத்தால், விண்டோஸ் அந்த விலாசத்தின் கதவை நான்கு முறை தட்டும். பதில் வந்தால் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் வந்தது என்று சொல்லும். வராவிட்டால் காலம் கடந்து விட்டது என்று சொல்லும்.

இதில் வரிசைதான் வித்தை. முதலில் 127.0.0.1. இது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் தன்னைத் தானே குறிக்கும் எண். தன் முதுகைத் தானே தட்டிக் கொள்வது போல! இதற்கே பதில் இல்லையென்றால் கோளாறு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அடுத்து, ஜன்னலில் கண்ட தன் சொந்த விலாசம். பிறகு கேட்வே. பிறகு வெளியூர் விலாசம் ஒன்று, எண்ணாக. கடைசியில் அதே வெளியூர், பெயராக. எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அதற்கும் முந்திய படிக்கும் நடுவில்தான் நோய். வெளியூர் யந்திரங்களில் சில, தட்டினால் பதில் தருவதில்லை என்று கொள்கையாகவே வைத்திருக்கின்றன. ஆகவே வெளியூரில் ஒன்றுக்கு இரண்டாகத் தட்டிப் பார்ப்பது நல்லது.

எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால், குற்றவாளி டி.என்.எஸ். என்ற பெயர் அட்டவணை. டெலிபோன் வேலை செய்கிறது, டைரக்டரிதான் காணாமற் போயிற்று என்பதற்கு ஒப்பு. பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் 1983-ல் வகுத்த ஏற்பாடு இது. இதை அறியாமல், நன்றாக வேலை செய்யும் இணைப்பை 'செத்து விட்டது' என்று ஒதுக்குபவர்கள் இன்றும் ஏராளம்.

கதவு சாத்திய கூடங்கள்

மேலூருக்குத் திரும்புவோம். அங்கே 70-க்கும் மேற்பட்ட கூடங்கள் திறக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் பல மூடப்பட்டும் விட்டன. ஏன் மூடப்பட்டன என்று மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கூடம் கூடமாக ஆராய்ந்து 2008-ல் எழுதினார்கள். வரவு செலவுக்குக் கட்டவில்லை என்பது முதல் காரணம். சுமார் ஐம்பதினாயிரம் ரூபாய் முதல் போட்ட கூடத்துக்கு, கிராமத்துச் சில்லறையில் வட்டி கட்டுவது லேசான காரியமா? மேலிருந்து வர வேண்டிய தொழில் நுட்ப உதவி தொடர்ந்து வராமற் போனது மற்றொரு காரணம். ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போக, தாலுகா ஆபீஸ் சேவையும் மங்கிற்று.

ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. எந்தக் கூடத்தின் சொந்தக்காரருக்கு முன்பே கம்ப்யூட்டர்ப் பயிற்சி இருந்ததோ, அல்லது எந்தக் கூடத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் தனியே அமர்த்தப்பட்டிருந்தாரோ, அந்தக் கூடங்கள் அதிக நாள் நடந்தன. நான்கு வரி ஜன்னல் மட்டுமே கூடத்தைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையாகும். எனினும், இன்று படம் போகாது என்று அறிந்து மூதாட்டியைப் பஸ் ஏற்றி விடுவதற்கும், 'இருங்கள், கேபிள்தான் கழன்றிருக்கிறது' என்று சொல்வதற்கும் உள்ள தூரம், கூடத்தின் நல்ல பெயருக்கும் கெட்ட பெயருக்கும் உள்ள தூரமல்லவா? இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை வருவதில்லை.

மதுரைக்கு மேற்கே தேனியில் இதே பாடம் வேறு உருவத்தில் வந்தது. அரவிந்த் கண் மருத்துவமனை, 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் ஆரம்பித்தது. அதன் தேனிக் கிளையைச் சுற்று வட்டாரச் சிற்றூர்களில் உள்ள கண் மையங்களோடு, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக் கழகத்தார் நெடுந்தூர வைஃபை முறையில் 2000-களின் நடுவில் இணைத்தனர். மூதாட்டி சிற்றூரில் உட்கார்ந்திருக்க, டாக்டர் தேனியிலிருந்து திரையில் பார்த்துப் பேசினார். மூன்று வருஷ அனுபவத்தை அவர்கள் 2008-ல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் வெளியிட்ட போது, அலை வரிசையைப் பற்றிய வீரப் பிரதாபங்களை விட, மின்சாரத்தைப் பற்றிய புலம்பலே அதிகம் இருந்தது. மின் அழுத்தம் ஏறி இறங்கிப் பெட்டிகளைக் கெடுத்தது; அரைகுறை மின்சாரத்தில் பெட்டி விழித்தும் விழிக்காமலும் தொங்கி நின்றது. எங்கே கோளாறு என்பதை உள்ளூர்ப் பணியாளரே கண்டு சொல்லும்படி பழக்காமல் இப்படிப்பட்ட இணைப்பு நிலைக்காது என்பது அவர்கள் கண்டது.

பீரோவில் தூங்கும் லாப்டாப்

விண்டோஸ் 98-க்கு அதை உண்டாக்கிய கம்பெனியின் ஆதரவு 2006 ஜூலையில் நின்றது. எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் நின்று விட்டது. ஆனால் யந்திரங்கள் நிற்கவில்லையே! 2011 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டு சர்க்கார் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த லாப்டாப்புகள் மதுரைச் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் பீரோவுக்குள் இருக்கின்றன. விண்டோஸும் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இரண்டும் ஏற்றிக் கொடுத்த யந்திரங்கள் அவை. தம்பியோ தங்கையோ தூசி தட்டி எடுத்து வைத்துக் கொண்டு, 'இன்டர்நெட் வரவில்லை' என்று உட்கார்ந்திருப்பதும் உண்டு.

அங்கே நான்கு வரிகளும் சரியாக இருந்தும் வலைப் பக்கம் திறக்காமற் போகலாம். காரணம் இரண்டு. ஒன்று, யந்திரத்தின் உள்ளே உள்ள பொத்தான் பாட்டரி தீர்ந்து, கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருக்கும். பாதுகாப்பான தளங்கள் தங்கள் சான்றிதழின் தேதியைக் காட்டும் போது, 'இது இன்னும் பிறக்கவே இல்லையே' என்று யந்திரம் மறுத்து விடும். திரையின் வலது கோடியில் தேதியைத் திருத்தினாலே திறந்து விடும். பாட்டரியை மாற்றினால் மறுபடி போகாது. இரண்டாவது, எக்ஸ்.பி.யோடு வந்த பிரௌசருக்கு இன்றைய ரகசியப் பூட்டு முறை தெரியாது. அதற்கு அமைப்பைத் திருத்திப் பயனில்லை. பாங்கியின் தளம் அதில் திறக்கவில்லையென்றால், திறக்காததே நல்லது.

ஏனென்றால் 2017 மே மாதத்தில் 'வானாக்ரை' என்ற கிருமி நூற்றைம்பது நாடுகளுக்கு மேல் பரவி, கோப்புகளைப் பூட்டி விட்டுப் பணம் கேட்டது. அது புகுந்த வீடுகளில் பெரும்பாலானவை திருத்தங்கள் போடாத விண்டோஸ் 7. பழைய யந்திரத்தை எழுத, கணக்குப் போட, பழைய பிரின்டரை ஓட்ட வைத்துக் கொள்ளலாம். கேபிளை மட்டும் பிடுங்கி வைப்பது உத்தமம். வேண்டிய போது சொருகி, வேலை முடிந்ததும் எடுத்து விடலாம்.

கேபிள் இல்லாத வீட்டில் அந்த லாப்டாப்பைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டோடு சேர்க்கிறார்கள். சேர்த்த பின் கறுப்புத் திரையில் அந்த எட்டெழுத்தை அடித்துப் பார்த்தால், ஆண்ட்ராய்டின் பழைய பதிப்புகளில் விலாசம் 192.168.43 என்று தொடங்கும். கேட்வே வரியில் 192.168.43.1 என்று நிற்கும். மேலூர்க் கூடத்தில் அந்த வரிக்கு அப்பால் சுவர்ப் பெட்டியும் கூரை ஆன்டெனாவும் தாலுகாக் கோபுரமும் இருந்தன. இங்கே அந்த வாசல் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டைக்காரர் கடைத் தெருவுக்குப் புறப்பட்டு விட்டால், நாலைந்து நிமிஷத்தில் வீட்டிலிருந்து, 'அண்ணே, நெட் போச்சு!' என்று குரல் வரும்.